முப்பத்தொன்று கழியட்டும்

என் வேலை இன்னதென்று கேட்டால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு பாவம் பார்ப்பார்கள். டோர்ட்மண்டில் நான் புகைபோக்கிக்காரி. கறுப்புக் காற்சட்டை, இரண்டு வரிசைப் பொன்னிறப் பொத்தான் வைத்த கறுப்புச் சட்டை, தோளில் சுருட்டிய கம்பித் தூரிகை. "படிச்ச பிள்ளை, ஏன் இந்த வேலை?" என்று ஒருவராவது கேட்காத கலியாண வீடு இல்லை. உண்மையில் கரியோடு மல்லுக்கட்டுவது எப்போதாவதுதான். வருடத்தின் பெரும்பகுதி வீடு வீடாகப் போய்ச் சுவரில் தொங்கும் எரிவாயுப் பெட்டிகளைச் சோதிப்பதுதான் பிழைப்பு. குளிக்கிற தண்ணீரையும் அறைகளையும் சூடாக்கும் அந்தப் பெட்டியை இங்கே டேர்மே என்பார்கள். அதன் புகை ஒழுங்காக மேலே போகிறதா, வீட்டுக்குள் திரும்புகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. திரும்பினால் அதோடு ஒரு நச்சு வாயுவும் வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலையிடிக்கும், நித்திரை தூக்கும், அவ்வளவுதான். அந்த நித்திரையிலிருந்து சிலர் எழும்புவதில்லை.

ஜெர்மன்காரர்களுக்கு நான் அதிர்ஷ்டம். புகைபோக்கிக்காரரைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று நம்புகிறார்கள். சந்தியில் கண்டால் கூச்சமில்லாமல் வந்து என் பொத்தானைத் தடவிவிட்டுப் போவார்கள். தமிழ் வீடுகளில் கதை வேறு. கறுப்பு உடுப்போடு விடியக்காலை வாசலில் வந்து நிற்பவளை யார்தான் ஆசையாய்ப் பார்ப்பார்கள்?

ஆனாலும் தமிழ் வீடுகளில் என் கருவி காட்டும் அளவுகள் எப்போதும் அருமையாக இருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அதிகாரி ஒருவர் வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் செய்யும் ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். முதல்நாளே சமையல் நின்றுவிடும். யன்னல் எல்லாம் அகலத் திறக்கும். குசினி பளபளக்கும், வாசனைத் திரவியம் மூக்கைத் துளைக்கும். ஜெர்மன்காரன் மூக்கைச் சுளித்துவிடக் கூடாது என்று என் அம்மாவும் அப்படித்தான் செய்தவர். வருகிறவள் தமிழிச்சி என்று தெரிந்தாலும் ஏற்பாடு மாறாது. நான் யன்னலைச் சாத்தி, டேர்மேயைப் பற்றவைத்து, அளந்துவிட்டுக் கையெழுத்து வாங்கி வருவேன். படம் எடுக்க உடுத்திக்கொண்டு நிற்கிற வீட்டைத்தான் இவ்வளவு காலமும் சோதித்து வந்திருக்கிறேன் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஏறிய நாள் ஒரு ஜனவரியில் வந்தது. வெளியே எலும்பைக் குத்தும் குளிர்.

காலை பத்தரை இருக்கும். வாகனத்தில் இருந்து பாண் கடித்துக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது. மறுநாள் நான் போக வேண்டிய ஒரு வீட்டுக்காரர். அந்த வீட்டை எனக்குத் தெரியும். வடக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. போன வருடம் நான்தான் அங்கே அளந்தேன், குறை ஒன்றும் இல்லை. அப்போது புதிதாய்க் கலியாணம் கட்டியிருந்தார்கள்.

"அக்கா, நாளைக்கு வாறதுக்கு ஒரு டெர்மின் போட்டிருக்கிறியள்," என்றார் அவர். "வீட்டில பிள்ளை பிறந்து பன்ரண்டு நாள். துடக்கு வீடு. முப்பத்தொண்டு கழியட்டும் எண்டு பாரிசில இருந்து வந்த என்ர அக்கா சொல்லுறா. பிறகு வரேலுமோ?"

பிள்ளை பிறந்த வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. பிற ஆட்கள் வருவதும் குறைவு, தாய் வெளியே போவதும் இல்லை. அதிலும் கறுப்பு உடுப்போடு ஒருத்தி எப்படி உள்ளே போவது? ஒரு ஜெர்மன்காரர் என் இடத்தில் இருந்திருந்தால் ஏன், எதற்கு என்று பத்துக் கேள்வி கேட்டிருப்பார். எனக்கு ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாட்காட்டியைத் திறந்து, முப்பத்தொன்றுக்கு அடுத்தநாளில் அவர்கள் பெயரை எழுதினேன். நம்மவர்களுக்கு ஒரு நன்மை செய்தேன் என்ற சந்தோசம் வேறு.

அவர் பேசப் பேசப் பின்னால் ஒரே இரைச்சல்.

"அதென்ன தம்பி, வீட்டுக்குள்ள பிளேன் நிக்குதோ?"

"அது குசினிப் புகை இழுக்கிற புது மெசின் அக்கா," என்று சிரித்தார். "மேல்வீட்டு மனுசி மணக்குது மணக்குது எண்டு ஒரே கரைச்சல். நானே சுவரில ஓட்டை போட்டுப் பூட்டினன். இப்ப எவ்வளவு வறுத்தாலும் எல்லாத்தையும் இழுத்து வெளியில தள்ளிப்போடும்."

"கெட்டிக்காரன். தாயும் பிள்ளையும் சுகமோ?"

"பிள்ளை சுகம். இவவுக்குத்தான் குளிச்சாப்பிறகு ஒரே தலையிடி. முழுகின தண்ணி தலையில நிண்டிருக்கும் எண்டு அக்கா சொல்லுறா. அக்காவுக்கும் தலையிடிதான். அது பத்தியக் கறிக்கு மல்லி மிளகு எண்டு சரக்கு வறுக்கிற புகை. ஒரு காத்தும் உள்ள வராம யன்னல் எல்லாம் பூட்டித்தான் வைச்சிருக்கிறம், பச்சை உடம்பு எல்லே."

"நல்லா நித்திரை கொள்ளச் சொல்லுங்கோ, தம்பி," என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். பிறகு மிச்சப் பாணைச் சாப்பிட்டேன்.

அடுத்து ஒரு ஓய்வூதியக்காரர் வீடு. பத்து நிமிடத் தூரம். வாசலிலேயே பொத்தானைத் தடவினார், கோப்பி வைத்தார். அவருடைய டேர்மே குளியலறையில். நான் மேல்பையில் இருந்த கண்ணாடியை எடுத்தேன். பல் வைத்தியர் வைத்திருப்பதுபோல நீளக் காம்போடு ஒரு சின்னக் கண்ணாடி. பெட்டியின் புகை மேலே ஏறும் இடத்தில், அதன் திறந்த விளிம்பில் அதைப் பிடிக்க வேண்டும். புகை திரும்பி வந்தால் கண்ணாடி ஆவி பிடித்து மங்கும். மங்கினால் ஆபத்து. எவ்வளவு கருவி வந்தாலும் நான் முதலில் நம்புவது இந்தக் கண்ணாடியைத்தான்.

அவர் கதவடியில் நின்று, இன்று தனக்கும் மனைவிக்கும் காலையிலிருந்து தலையிடி, காலநிலை மாறப்போகிறதாக்கும் என்று சொன்னார்.

நான் துள்ளிவிட்டேன். இரண்டு பேருக்குமா? எப்போதிருந்து? எந்த அறையில் இருந்தீர்கள்? கேட்டுக்கொண்டே கருவியை ஒவ்வொரு அறையாகக் கொண்டுபோனேன். பயிற்சியின் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தருவது இதுதான்: ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலையிடி என்றால் முதலில் பெட்டியைச் சந்தேகப்படு. கருவி எல்லா இடத்திலும் பூச்சியம் காட்டியது. கண்ணாடியும் துலக்கமாக இருந்தது. முதல்நாள் பேரனின் பிறந்தநாளில் வைன் கொஞ்சம் கூடிப்போயிற்று என்று மனிதர் வெட்கத்தோடு ஒத்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது.

வந்த மூச்சு அப்படியே நின்றது. இதே வார்த்தைகளை முக்கால் மணித்தியாலத்துக்கு முதல் தமிழில் கேட்டேனே! ஒரே வீட்டில் இரண்டு பேருக்குத் தலையிடி. பூட்டிய யன்னல். காற்றை இழுத்து வெளியே தள்ளும் மெசின். வீட்டுக்குள் புதுக் காற்று வர வழியில்லை என்றால் அந்த மெசின் எங்கிருந்து இழுக்கும்? புகைபோக்கியிலிருந்துதான் இழுக்கும். மேலே போகிற நச்சுப் புகையைத் திருப்பிக் குசினிக்குள் கொண்டுவரும். பிள்ளை பெற்றவளுக்கு வாளி வாளியாய்ச் சுடுதண்ணீர் பிடிக்கிறார்கள் என்றால் அந்த நேரம் முழுக்க டேர்மே உச்சத்தில் எரியும். ஜெர்மன் மொழியில் தலையிடி என்றால் எனக்கு அது எச்சரிக்கை. தமிழில் அது மாமிமாருக்கு எப்போதும் இருக்கிற ஒன்று. அதனால் அது என் காதில் விழவேயில்லை. நித்திரை கொள்ளச் சொன்னேன்!

குழந்தையின் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை எடுத்தேன். வேலைக்குப் போய், தொலைபேசியை அலுமாரியில் பூட்டியிருப்பார் என்று பட்டது. வீட்டில் இருக்கும் பெண்களின் இலக்கம் என்னிடம் இல்லை. கோப்பியையும் மனிதரையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அந்த இடத்திலேயே அவசர இலக்கமான 112க்கு அடித்திருக்க வேண்டும். வேறு எந்த வீடாக இருந்தாலும் அடித்திருப்பேன். பன்னிரண்டாம் நாள் வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்று, ஒன்றும் இல்லையென்று ஆனால் ஊர் என்ன சொல்லும் என்ற ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. அங்கே போகப் பத்து நிமிடம்தானே என்று ஓட்டினேன். எல்லாம் நல்லபடி முடிந்த பிறகும் அந்தப் பத்து நிமிடத்தை நான் எனக்கு மன்னிக்கவில்லை.

மாடிப்படியிலேயே மல்லியும் மிளகும் வறுபடும் மணம். மெசினின் இரைச்சல் கதவுக்கு வெளியே கேட்டது. மணியை விடாமல் அழுத்தினேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதவை ஒரு சாண் திறந்தார். கையில் அகப்பை. பாரிஸ் அக்கா இவர்தான் என்று விளங்கியது. அவர் என் உடுப்பை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி சொன்னவன்தானே? இப்ப ஏலாது, பிள்ளை. பச்சை உடம்புக்காரி இருக்கிறா. இந்தக் கறுப்போட உள்ள வரப்படாது."

அவர் சொல்லி முடிக்கவில்லை, என் இடுப்பில் மாட்டியிருந்த எச்சரிக்கைக் கருவி வீறிட்டது. வாசலிலேயே.

"போன் அடிக்குது, எடுங்கோ," என்றார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "சப்பாத்து! சப்பாத்து!" என்று பின்னால் கத்திக்கொண்டே வந்தார். குசினியில் அந்த இளம் தாய் கதிரையில் இருந்தாள். தலையில் துவாய் சுற்றியிருந்தது. வீட்டில் சூடான இடம் அதுதான் என்று குளிக்க வார்த்ததும் அங்கேதான் இருத்துவார்களாம். அவளுக்கு நேர் மேலே, சுவரில், டேர்மே எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, எழும்ப ஏலாமல் கிடக்கு," என்றாள், மிக மெதுவாக.

யன்னலை அகலத் திறந்தேன். மெசினை நிறுத்தினேன், டேர்மேயை நிறுத்தினேன், எரிவாயுக் குழாயைப் பூட்டினேன். திரும்பிப் பார்த்தால் பாரிஸ் அக்கா யன்னலைச் சாத்த ஓடுகிறார்.

"பிள்ளைப்பெத்த உடம்பில குளிர் ஏறினா ஆர் பாக்கிறது?"

"யன்னலைத் தொட்டியளோ, கையை முறிச்சுப்போடுவன்!" என்று கத்தினேன். என்னிலும் பதினைந்து வயதாவது மூத்தவரிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. "விசவாயு அக்கா! உங்கட தலையிடி எல்லாம் அதுதான். பிள்ளை எங்க?"

அவருடைய முகம் மாறியது. கையை நீட்டி நடையின் கடைசி அறையைக் காட்டினார்.

கதவு சாத்தியிருந்தது. கதவடி இடைவெளியில் ஈரத் துவாய் ஒன்று இறுக்கிச் செருகியிருந்தது. தள்ளித் திறந்தேன். திரை இழுத்த அறை, அரை இருட்டு. தொட்டிலில் துணிச் சுற்றுக்குள் ஒரு சின்ன முகம். அசையவில்லை. வெளியே அவ்வளவு கூச்சல், ஒரு சிணுங்கல்கூட இல்லை. தூக்க வேண்டும் என்று தெரியும். கை போகவில்லை. தூக்கும்போது தலை தொங்கிவிட்டால் என்ற பயத்தில் உறைந்துபோய் நின்றேன். பிறகு கை தானாகவே மேல்பைக்குப் போனது. அந்தக் கண்ணாடியை எடுத்துக் குழந்தையின் மூக்கடியில் பிடித்தேன்.

மங்கியது.

என் தொழிலில் அந்தக் கண்ணாடி மங்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு முறையும் பிடிப்பேன். அன்று அது மங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தையை அள்ளினேன். நித்திரை குழம்பிய கோபத்தில் அது வீடு அதிர வீறிட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதவடியில் பாரிஸ் அக்கா சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

எப்படி மூவரையும் கீழே இறக்கினேன் என்று கேட்டால் முழுதாகச் சொல்லத் தெரியாது. ஒரு தோளில் குழந்தை, மறு தோளில் தாய். போகிற வழியில் எல்லா வீட்டு மணியையும் அழுத்தினேன். கீழ் வாசலில் நின்று 112க்கு அடித்தேன். மணக்குது மணக்குது என்ற மேல்வீட்டு அம்மையார் ஒரு கம்பளியோடு ஓடிவந்து தாயைச் சுற்றினார். தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவளுடைய ஈரத் தலையில் போட்டார். பாரிஸ் அக்கா கடைசிப் படியில் இருந்து சத்தி எடுத்தார். எடுத்து முடித்ததும் என் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

தீயணைப்புக்காரர்கள் அளந்தார்கள். குசினியில் நிறைய, நடையில் கொஞ்சம், மற்ற வீடுகளில் இல்லை. குழந்தையின் அறையில் மிகமிகக் குறைவு. வறுத்த மிளகு மணம் பிள்ளையின் மூக்கில் ஏறிவிடக் கூடாது என்று பாரிஸ் அக்கா தினமும் அந்தக் கதவடியில் துவாய் செருகி வைப்பாராம். தீயணைப்புக்காரர் நாலு பேர் அந்தத் துவாயைச் சுற்றி நின்று பார்த்தார்கள். இப்படிச் செருகும் வழக்கத்துக்கு என்ன பெயர் என்று ஒருவர் கேட்டார். துவாய்க்கு வேறு என்ன பெயர்?

தாய்க்கும் அக்காவுக்கும் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். குழந்தையின் இரத்தத்தைச் சோதித்துவிட்டு இதற்கு ஒன்றும் இல்லை, பசிதான் என்றார்களாம். பின்னேரம் தகப்பன் ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்தார். "அக்கா" என்றார். மூவருக்கும் இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார். வைத்ததும் வாகனத்துக்குள் இருந்து ஆசை தீர அழுதேன். பயத்தில் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை என்ற நிம்மதியில்.

டேர்மேயை மூடி முத்திரை வைத்தது நான்தான். அது திருத்தும்வரை அவர்கள் பக்கத்து நகரான எசனில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் பச்சை உடம்பு பனியில் நின்றது, ஆஸ்பத்திரிக்குப் போனது, பிறகு ஊர் விட்டு ஊர் போனது. முப்பத்தொன்றில் ஒரு விதி மிச்சம் வைக்காமல் நான் குழப்பியிருந்தேன்.

நாட்காட்டியில் அன்று எழுதிய தேதி அப்படியே கிடந்தது. அதே நாளில் போனேன். கதவு இந்த முறை முழுதாகத் திறந்தது. ஆனால் உள்ளே பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. சமையல் இல்லை. குசினி பளபளத்தது. யன்னல் எல்லாம் திறந்து, வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது.

"இண்டைக்கு ஏன் சமைக்கேல்லை?"

"நீங்கள் வாறியள் எண்டுதான்," என்றார் பாரிஸ் அக்கா.

"சமையுங்கோ. தாச்சியை வையுங்கோ. செத்தல் மிளகாய் வறுங்கோ. நான் இல்லாத நாளில என்ன செய்வியளோ, அதெல்லாம் இப்ப செய்யுங்கோ."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மிளகாயைப் போட்டார். குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டேன். எல்லா யன்னலையும் சாத்தினேன். மெசின் ஓடவில்லை. இப்போது குசினி யன்னலைத் திறந்தால்தான் அது ஓடும்படி ஒரு ஆளி பொருத்தியிருக்கிறார்கள். மிளகாய்க் காரம் ஏறி, நான், அவர், அன்று வீட்டில் நின்ற தகப்பன் மூவரும் கண்ணீர் விட்டு இருமினோம். பிறகு யன்னலைத் திறந்தோம், மெசின் இரைந்தது, புகை போனது. இரண்டு நிலையிலும் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். துலக்கமாக இருந்தது. அன்றிலிருந்து தமிழ் வீடு எதுவானாலும் முதலில் வறுக்கச் சொல்வேன். பிறகு யாருக்காவது தலையிடியா என்று கேட்பேன், தமிழில்.

கடைசி அறையில் இருந்து தாய் குழந்தையோடு வந்தாள். தலையிடி விட்டுப்போச்சு என்று கேட்காமலே சொன்னாள்.

நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். "அந்தக் கண்ணாடியை ஒருக்காத் தாங்கோ," என்றார் பாரிஸ் அக்கா. வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நான் பிடித்த மாதிரியே டேர்மேயின் விளிம்பில் பிடித்து, எட்டி எட்டிப் பார்த்தார். மங்கவில்லை. திரும்பவும் துடைத்தார். பிறகு தாயின் கையில் கிடந்த குழந்தையின் மூக்கடியில் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நின்றார்.

மங்கியது.

"ஓம்," என்றார். "ஆள் இருக்கிறா."

கண்ணாடியை என்னிடம் தந்துவிட்டு, கறுப்புச் சட்டையோடு நின்ற என் கையில் குழந்தையையும் தந்தார்.